நாலாயிரத்து இருநூறு கிலோலிட்டர்

அலுவலகத்தில் அவளைத் தசமம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேராகவே. தரைக்கு டைல்ஸ் செய்யும் அந்தக் கம்பெனியில் இருபது வருஷமாகக் கணக்குப் பார்க்கிறாள். ஒரு புள்ளி இடம் மாறிவிட்டது என்று ஆண்டுக் கணக்கையே மூன்று நாள் நிறுத்திவைத்தவள் என்பதால் வந்த பெயர். அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு நிமிர்ந்து பார்ப்பாள், வேலையைச் சொன்னதும் மறுபடி குனிந்துகொள்வாள்.

அந்த வருஷம் புதுச் சூளை கட்ட முதலாளி வங்கியில் பெரிய கடன் ஒன்று வாங்கினார். பசுமைக் கடன் என்று அதற்குப் பெயர். ஆலை செலவழிக்கும் தண்ணீர் வருஷத்துக்குப் பத்து சதவீதம் குறைந்தால் வட்டியில் கால் சதவீதம் தள்ளுபடி. குறைந்ததா இல்லையா என்று கம்பெனியே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அறிக்கையை யார் தயார் செய்வது என்ற பேச்சு வந்தபோது கூட்டத்தில் இருந்த எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தசமம் மட்டும் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை அவள் தலையில் விழுந்தது.

துணைக்கு ஒரு ஆலோசகரை அமர்த்தினார்கள். முப்பது வயது, நல்ல சட்டை, பணிவான பேச்சு. அவர் காட்டிய ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு பச்சை இலை இருந்தது. முதல் வாரத்திலேயே கணக்குப் பிரிவில் அவருக்கு இலைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. இலைக்காரர் நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் அடங்கிய ஒரு கோப்பை அவளிடம் கொடுத்து, பதில்களை நிரப்பிவிட்டால் மற்றதைத் தான் அழகுபடுத்திவிடுவதாகச் சொன்னார். எதை அழகுபடுத்துவது என்று கேட்டாள். எழுத்து, படம், அட்டை என்றார்.

ஆறு வாரம் அவகாசம். முதல் இரண்டு வாரம் மின்னஞ்சல் அனுப்பியே போனது. ஆலை மேலாளரிடம் மாதவாரியாகத் தண்ணீர்க் கணக்குக் கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். போன வருஷம் கொடுத்ததையே போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு மண்டை காய்ந்தது. போன வருஷக் கோப்பைத் தேடி எடுத்தாள். மாதம் நாலாயிரத்து இருநூறு கிலோலிட்டர். ஜனவரியிலும் அதுதான், பிப்ரவரியிலும் அதுதான். பழைய சூளை விரிசல் விட்டு ஆலையே பதினோரு நாள் மூடிக் கிடந்த மாதத்திலும், ஒரு சொட்டுக் கூடவோ குறையவோ இல்லாமல், நாலாயிரத்து இருநூறு.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே பேச்சு. அவளுடைய மாமியார் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த மொத்தத் தொகையில் பாதியை, மகனையும் கேட்காமல் மருமகளையும் கேட்காமல், பசுமை நிதி ஒன்றில் போட்டிருந்தார். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாத கம்பெனிகளில் மட்டும் முதலீடு செய்யும் நிதி. அதன் பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர் தசமத்தின் கம்பெனி. மாமியார் அந்தப் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினார்.

"நீ கணக்குப் பாக்குற கம்பெனியாச்சே, நம்பித்தான் போட்டேன்" என்றார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பசி இல்லையா என்று கணவன் கேட்டான். சாப்பிட்டாயிற்று என்றாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்து நேராக ஆலைக்கே போனாள். இரண்டு மணி நேரப் பயணம். இருபது வருஷத்தில் அவள் ஆலைக்குப் போனது நாலு தடவை, நாலும் சரக்கிருப்பு எண்ணத்தான். மேலாளர் அவளைப் பார்த்ததும் முகம் மாறாமல் வரவேற்று, தண்ணீர் விஷயமெல்லாம் பம்ப்காரருக்குத்தான் தெரியும் என்று கைகாட்டிவிட்டு நழுவினார்.

பம்ப் அறை ஆலையின் பின்பக்கம், மதிலை ஒட்டி இருந்தது. இரண்டு மோட்டார், ஒரு ஸ்டூல், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர். பம்ப்காரர் ஐம்பது தாண்டியவர், காதில் பஞ்சு வைத்திருந்தார். மீட்டரைப் பார்க்க வேண்டும் என்றதும் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குழாயின் மேலிருந்த மீட்டரைத் துடைத்துக் காட்டினார். கண்ணாடிக்குள் ஆவி படிந்து பால் மாதிரி வெளுத்திருந்தது. அவள் குனிந்து, கைபேசி வெளிச்சத்தை அடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள். உள்ளே முள் நின்றிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குழாயில் கை வைத்தால் தண்ணீர் பாய்வது தெரிந்தது, முள் மட்டும் அசையவில்லை.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். நாலு வருஷமாக என்றார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வருஷமாக மீட்டர் ஓடவில்லை என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லையா என்று படபடவென்று கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. ஏழு தடவை எழுதிக் கொடுத்ததாகவும், ஐந்து மேலாளர் மேசையிலேயே தங்கிவிட்டதாகவும், இரண்டு தலைமை அலுவலகம் வரை போனதாகவும் சொன்னார். ஒன்றுக்குப் பதிலே வரவில்லை. இன்னொன்று திரும்பி வந்தது. அதைத்தான் அங்கே ஒட்டியிருப்பதாகச் சுவிட்ச் பெட்டியைக் காட்டினார்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் படிவம் ஒட்டப்பட்டிருந்தது. தண்ணீர் மீட்டர், ஒன்று. அதன் குறுக்கே சிவப்பு மையில், மூன்று கடைகளின் விலைப்புள்ளி இணைக்கவும், தொகையில் தசமப் புள்ளி தவறு, திருப்பி அனுப்பப்படுகிறது என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "இது என் கையெழுத்துண்ணே" என்றாள்.

"தெரியும் மேடம்" என்றார் அவர். "அதனாலதான் நீங்க வந்ததுக்கு ஒரு டீ கூடச் சொல்லல."

அந்தப் படிவம் அவளுக்கு நினைவில் கூட இல்லை. ஒரு நாளைக்கு அறுபது படிவம் வரும், அறுபதையும் அதே சிவப்புப் பேனாவால்தான் பார்ப்பாள். மேலாளர் மேல், இலைக்காரர் மேல், வங்கி மேல் என்று இரண்டு வாரமாக வளர்த்து வைத்திருந்த எரிச்சலெல்லாம் இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

அப்புறம் இருவருமாக உட்கார்ந்து யோசித்தார்கள். மீட்டர் இல்லாவிட்டால் என்ன, தொட்டி இருக்கிறதே என்றார் அவர். மோட்டார் இறைக்கும் தண்ணீர் முதலில் தரைத்தொட்டி ஒன்றில் விழுந்து, அங்கிருந்துதான் ஆலைக்குப் போகிறது. பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போகும் வால்வை அடைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார்கள். அவள் தொட்டி விளிம்பில் மண்டியிட்டு அளவுகோலைப் பிடித்துக்கொண்டாள். சேலை முழங்கால் வரை நனைந்தது. இருபது நிமிஷத்தில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறியது. மணிக்கு இருபத்து நாலு கிலோலிட்டர். இனி மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஒரு வாரம் கழித்து அவர் தொலைபேசியில் ஒவ்வொரு நாளாக வாசித்தார். அவள் கூட்டினாள். ஏழு நாளைக்கு ஆயிரத்து அறுநூற்றுப் பத்து. மாதக் கணக்கில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். மறுபடி கூட்டினாள். அதே ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.

முதலாளியின் அறையில் இதைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை, பிறகு நம்ப விரும்பவில்லை. தண்ணீர் குறைய வேண்டிய வருஷத்தில் ஒன்றரை மடங்காக ஏறியிருக்கிறது என்று வங்கிக்கு எழுதச் சொல்கிறாயா என்று கேட்டார். ஏறவில்லை, முன்பும் இவ்வளவுதான் இருந்திருக்கும், நாம் அளக்கவே இல்லை என்றாள். அளக்காமலே நாலு வருஷம் ஓடியதே, இன்னும் ஒரு வருஷம் ஓடினால் என்ன என்றார். புது மீட்டர் வாங்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள்.

"எனக்கு வேண்டியது நம்பர்ம்மா. மீட்டர் இல்ல" என்றார் முதலாளி.

இலைக்காரருக்கு ஒரு யோசனை இருந்தது. இந்த வருஷம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் என்றே வைத்துக்கொள்வோம், போன வருஷத்தை எட்டாயிரம் என்று திருத்திவிட்டால் கிட்டத்தட்டப் பதினாலு சதவீதம் குறைந்ததாகிவிடும் என்றார். எட்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். மதிப்பீடு என்றார். யார் மதிப்பிட்டது என்றாள். இப்போது நாம் மதிப்பிடுகிறோமே, அதுதான் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருட்டுத்தனமாகச் செய்திருந்தாலாவது பிடித்துச் சத்தம் போடலாம்.

அளக்கப்படவில்லை என்று உண்மையையே எழுதிவிடலாம் என்று வங்கியின் படிவத்தைக் கணினியில் திறந்தாள். பெட்டி எழுத்தை ஏற்கவில்லை. எண் மட்டும் இடவும் என்று சிவப்பில் மின்னியது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. உதவி எண்ணுக்கு அழைத்தாள். நாற்பது நிமிஷம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டு, அதன் நம்பகத்தன்மை அதிகமா நடுத்தரமா குறைவா என்று குறித்தால் போதும் என்றாள். குறைவு என்று குறித்தால் என்ன ஆகும் என்று தசமம் கேட்டாள். அப்படிக் குறித்தால் படிவம் ஏற்கப்படாது என்று பதில் வந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு, படிவத்தை மூடினாள்.

அன்று மாலை காய் நறுக்கிக்கொண்டே மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆபீஸ் ரகசியம். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். மாமியாருக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் அவள் மேல்.

"ரத்தம் எடுக்காமலே ரிசல்ட் எழுதினா, அத நம்பி டாக்டர் மருந்து குடுப்பாரு. நான் முப்பத்தோரு வருஷம் ஒரு நாள் அப்படிச் செய்யல. நீங்க நாலு வருஷம் செஞ்சிருக்கீங்க. அதுல போய் என் காசப் போட்டிருக்கேன்" என்றார்.

நான் எழுதவில்லை அத்தை என்றாள். யார் எழுதினால் என்ன, கடைசியில் யார் கையெழுத்து என்று கேட்டார். இருவரும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட கணவன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், வீட்டை விட பஸ்ஸில் சத்தம் குறைவு என்று சொல்லிக்கொண்டு காலையில் சீக்கிரமே கிளம்பிப் போனான்.

கையெழுத்து நாள் வந்தது. அறிக்கை அழகாக அச்சாகி மேசை மேல் இருந்தது. போன வருஷம் எட்டாயிரம், இந்த வருஷம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம், பக்கத்துக்கு ஒரு இலை. கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி. தசமம் பேனாவை எடுக்கவே இல்லை. என்னால் முடியாது சார் என்று மட்டும் சொன்னாள். இருபது வருஷத்தில் அந்த அறையில் அவள் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலாளி கத்தவில்லை. இலைக்காரரைப் பார்த்தார். ஆலோசகர்கள் கையெழுத்திட விதி இடம் தராது என்று அவர் பவ்யமாகச் சொன்னார். ஆலை மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். தான் மீட்டரையே கண்ணால் பார்த்ததில்லை என்றும், நாளை முதல் முதுகுவலிக்கு விடுப்பு என்றும் அவர் சொன்னார். முதலாளி அலுத்துப்போய், கொடு நானே போடுகிறேன் என்று அறிக்கையை இழுத்து உறுதிமொழியைப் படித்தார். அதை அவர் படிப்பது அதுதான் முதல் தடவை. மேற்கண்டவை அளந்து பெறப்பட்டவை என்றும், தவறானால் கையொப்பமிட்டவரே சொந்தப் பொறுப்பில் ஈடுகட்ட வேண்டும் என்றும் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு தடவை படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

கடைசியில் அவர்தான், உனக்கு என்ன எழுதத் தோன்றுகிறதோ எழுதிக்கொள் என்று அவளைப் பார்க்காமலே சொன்னார்.

அவள் ஒரே பக்கத்தில் வங்கிக்குக் கடிதம் எழுதினாள். பழைய எண்கள் அளந்தவை அல்ல, இந்த எண் ஒரு வாரம் தொட்டியில் அளந்தது, இந்த வருஷத் தள்ளுபடி வேண்டாம், அடுத்த வருஷம் மீட்டரோடு வருகிறோம். அதற்கு முதலாளியே கையெழுத்திட்டார். பத்து நாள் கழித்து வங்கி அதிகாரி அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் பெருமூச்சு விட்டார். இதே மாதிரிக் கடன் வாங்கிய கம்பெனிகள் நூற்றுக்கு மேல் இருப்பதாகவும், தள்ளுபடி வேண்டாம் என்று எழுதியது இவர்கள் மட்டும்தான் என்றும், இதை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் ஒரு வாரமாக மேசையிலேயே வைத்திருப்பதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவளிடமே யோசனை கேட்டார். அவள் கடிதம் என்று வையுங்கள் சார் என்றாள்.

தள்ளுபடி போன கோபத்தில் முதலாளி அவளை ஆலையின் சுற்றுச்சூழல் பொறுப்பாளர் ஆக்கினார். கணக்கு வேலையும் உண்டு. சம்பளம் அதேதான். ஆனால் மீட்டர் வாங்க அனுமதி கிடைத்தது. படிவத்தை அவளே எழுதி, அவளே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி, தொட்டியிலிருந்து ஆலைக்குப் போகும் குழாயில் மாட்டச் செய்தாள்.

மாட்டிய முதல் வார விடுமுறை நாளிலேயே பம்ப்காரர் அழைத்தார். ஆலையில் ஒருவரும் இல்லை, ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை, ஆனால் முள் ஓடுகிறது என்றார். மணிக்கு இரண்டரை கிலோலிட்டர். திங்கட்கிழமை மதில் ஓரமாகத் தோண்டினார்கள். மூன்றடி ஆழத்தில் ஒரு பழைய இணைப்பு பெயர்ந்து, எத்தனையோ வருஷமாகத் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அரை நாள் வேலை. அடுத்த மாதம் மீட்டர் ஐயாயிரம் காட்டியது.

கால்வாசிக்கு மேல் மிச்சம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு தண்ணீரை யாரும் மிச்சப்படுத்தியிருக்க முடியாது. ஆனால் பசுமை நிதிக்காரர்கள் வைத்திருந்தது பழைய கணக்கு. அதில் போன வருஷம் நாலாயிரத்து இருநூறு, இந்த வருஷம் அவள் அனுப்பியது ஐயாயிரம். பத்தொன்பது சதவீதம் அதிகம் என்று கணினி கண்டுபிடித்து, கம்பெனியைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. விளக்கம் எழுதி மூன்று கடிதம் போட்டாள். மூன்றுக்கும், தங்கள் கருத்துக்கு நன்றி என்ற ஒரே பதில் வந்தது. மாமியார் அந்தப் பதில்களை வாங்கிப் படித்தார். மறுநாளே நிதி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, தன் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதில் போடுவது என்று மருமகளிடம் கேட்டார். இனிமேல் என்னைக் கேட்காதீர்கள் அத்தை என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் பம்ப்காரர் அவளை மதிலுக்குப் பின்னால் இருந்த தெருவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தையல்காரியின் வீடு. பத்து வருஷமாகப் பின்சுவர் ஓதம் ஏறி, துணியெல்லாம் பூஞ்சை பிடித்து, தையல் மெஷினை நடுக்கூடத்தில் போட்டு வைத்திருந்தாளாம். ஆலையில் போய் எத்தனையோ தடவை சொன்னபோதெல்லாம் மழைத் தண்ணீர் என்று அனுப்பிவிட்டார்களாம். இப்போது சுவர் காய்ந்துவிட்டது. தசமம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சொரசொரவென்று, வெயில் பட்ட மண் போல இருந்தது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தையல்காரிக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. உதிர்ந்துபோன பூச்சைக் காட்டி, வீணான துணிக்கும் சுவருக்கும் யார் பதில் சொல்வது என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள் தசமம். எழுதிக் கொடுத்தால் மட்டும் படித்துவிடுவார்களா என்றாள் அவள். நியாயமான கேள்விதான். தசமம் நாற்காலியை இழுத்துப் போட்டு, துணி வெட்டும் மேசையில் ஒரு காகிதத்தை வைத்து, சேதத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லித் தானே எழுத ஆரம்பித்தாள்.